எரிமலைக்கு ஒரு பலூன்

தெற்கு ஜெர்மனியில், டான்யூப் ஆறு இன்னும் சிறுபிள்ளையாகவே ஓடும் இடத்தில் டுட்லிங்கன் என்றோர் ஊர். 1803இல் தீப்பிடித்து ஊரே சாம்பலானது. பிறகு நேர்நேரான தெருக்களோடு புதிதாக எழுந்தது. 1867இல் தொடங்கிய ஏஸ்குலாப் நிறுவனம் முதற்கொண்டு, அறுவைக் கத்தரியும் இடுக்கியும் செய்வதே இங்கு பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரில்தான், 1990களின் பிற்பாதியில், மார்க்கஸ் ஸ்டோர்ட்ஸ் என்பவர் கஞ்சாவை எரிக்காமல் அதன் ஆவியை மட்டும் எடுக்க ஒரு பெட்டி செய்ய முனைந்தார். (எண்டோஸ்கோப்புக்குப் பேர்போன கார்ல் ஸ்டோர்ட்ஸ் வேறு நிறுவனம்.)

யோசனை புதிதல்ல. கஞ்சாப் பூவின் பிசினில் இருக்கும் சத்து, பூ பற்றி எரியும் முன்பே ஆவியாகிவிடும். ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில் தொடங்கும் இந்த வேலை, 230ஐத் தாண்டினால் கெட்டுவிடும். அதற்குமேல் வருவது புகை, அதோடு தாரும் கார்பன் மோனாக்சைடும். ஆம்ஸ்டர்டாமின் கஞ்சா அருங்காட்சியகத்தில் ஈகிள் பில் என்ற அமெரிக்கர், பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைக் கண்ணாடிக் குழாயின் மேல் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் இதைச் செய்துகாட்டினார்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வாயால் இழுக்கும் கருவியில் இழுப்பவரின் மூச்சும் இயந்திரத்தின் ஒரு பாகமாகிவிடுகிறது. வேகமாக இழுத்தால் காற்று சூடேறுவதில்லை. மெதுவாக இழுத்தால் மூலிகை கருகுகிறது. ஆளுக்கு ஆள், இழுப்புக்கு இழுப்பு அளவு மாறும்.

ஸ்டோர்ட்ஸ் மூச்சைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். ஒரு சிறு பம்ப், சூடான உலோகக் கட்டியின் வழியே காற்றைச் சீராகத் தள்ளும். அந்தக் காற்று மூலிகைக் கிண்ணத்தைக் கடந்து மேலே மாட்டியிருக்கும் பலூனை நிரப்பும். பலூனைக் கழற்றி, வேறு அறைக்குக்கூட எடுத்துப்போய், அவரவர் வேகத்தில் இழுத்துக்கொள்ளலாம். உண்மையான கண்டுபிடிப்பு இந்தப் பிரிவினைதான். சூடாக்கியை யாரும் செய்திருப்பார்கள். பலூனோ மிகச் சாதாரணப் பொருள்: ஐரோப்பியர்கள் கோழியை அடுப்பில் வேகவைக்கும் பை போன்ற, சூடு தாங்கும் மெல்லிய படலம். தலை வெட்டிய கூம்பு வடிவ உடம்பைப் பார்த்தால் வோல்கேனோ, அதாவது எரிமலை, என்ற பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

2000இல் விற்பனைக்கு வந்தது. யூர்கன் பிக்கல் கூட்டாளியானதும் நிறுவனம் ஸ்டோர்ட்ஸ் அண்ட் பிக்கல் ஆயிற்று. விலை கையைக் கடித்தது, இன்றும் கடிக்கிறது. ஆனால் ஒரே அளவை மீண்டும் மீண்டும் தரும் கருவி ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. 2007இல் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 18 பேரை வைத்துச் செய்த ஆய்வு, புகைத்தபோதும் வோல்கேனோ ஆவியை இழுத்தபோதும் இரத்தத்தில் ஏறிய டிஎச்சி (கஞ்சாவின் போதை தரும் சத்து) ஏறத்தாழ ஒன்றே என்றது. மூச்சில் தெரிந்த கார்பன் மோனாக்சைடு மட்டும் ஆவியை இழுத்தபோது வெகு குறைவு. நுரையீரலுக்குத் தீங்கே இல்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. விற்பவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். 2010இல் மருத்துவக் கருவியாகச் சான்று பெற்ற வோல்கேனோ மெடிக் வந்தது. கத்தரி செய்யும் ஊரின் புத்தி எப்படியோ இதிலும் எட்டிப்பார்த்துவிட்டது.

வீட்டு மேசைக்கு இப்படியொரு கருவி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது: காற்றைத் தள்ளுவது பம்ப்பா, உங்கள் நுரையீரலா? அடுத்தது, வைத்த சூடு நிற்கிறதா என்பது. விளக்கும் செல்போன் செயலியும் அதற்குப் பிறகு. தனியாளுக்குப் பலூன் கொஞ்சம் அதிகப்படிதான். நிரப்பிய ஆவி சீக்கிரமே சுவரில் படிந்து ருசி கெடும். இரண்டு மூன்று பேர் உட்காரும் வீட்டில் அதுவே வசதி.

2018இல் கனடாவின் கஞ்சா நிறுவனமான கேனோப்பி குரோத் சுமார் 14.5 கோடி யூரோவுக்கு நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த வோல்கேனோ ஹைப்ரிட்டில் பலூனோடு நீண்ட குழாயும் சேர்ந்தது. வேண்டுபவர் பம்ப்பை நிறுத்திவிட்டு, பழையபடி தம் மூச்சாலேயே இழுத்துக்கொள்ளலாம்.