சதுப்பில் எழுந்த பூங்கா

உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவின் பசும்புல் தரையில் அமர்ந்து இளைப்பாறுவோர், அவ்விடம் ஒரு காலத்தில் கால் புதையும் சேற்று நிலமாய்க் கிடந்ததை அறிந்திரார். தொட்டபெட்டாச் சரிவின் அடியில், மேற்பகுதி செங்குத்தான காடாகவும், கீழ்ப்பகுதி ஆழ்ந்த ஓடைகள் ஊடறுத்த சதுப்பாகவும் இருந்த நிலம் அது.

1847இல் உதகையில் வாழ்ந்த ஐரோப்பியர், நியாயமான விலையில் காய்கறி பெறுவதற்கெனச் சந்தா திரட்டித் தோட்டம் ஒன்றை அமைத்தனர். மலர்ப் பூங்காவுக்கு வித்திட்டது வயிற்றுப்பாடே என்பது சுவையான செய்தி. அம்முயற்சி நிலைக்கவில்லை. மறு ஆண்டு, இலண்டன் கியூ பூங்காவில் பயின்ற வில்லியம் கிரகாம் மக்கைவர் வந்து பொறுப்பேற்றார். சதுப்பின் நீரை வடித்து, சரிவைத் திருத்திப் படித்தளங்களாக்கி, பாதை வகுத்து, அயல்நாட்டு மரங்களையும் மலர்ச்செடிகளையும் நட்டு அவர் பணியை முடிக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. பின்னாளில் நீலகிரியில் கொயினா மர வளர்ப்பை நிலைநிறுத்தியவரும் அவரே. அவரது உழைப்பும் திறனும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

ஆயினும், அவர் வடித்த சதுப்பு வீண்நிலம்தானா? நீலகிரியின் உயர்மலைப் புல்வெளியும், மடிப்புகளில் ஒடுங்கிய சோலைக் காடும், அவற்றிடையே தேங்கும் சதுப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. பருவமழையை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுவன. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் சேர்ப்பன. தோதவரின் எருமைகளுக்கு அவையே மேய்ச்சல் நிலம். அவர்தம் கோயிற் கூரை வேயும் புல்லும் சதுப்போரங்களில்தான் விளையும். வெள்ளையர் கண்ணுக்கு இவை புலப்படவில்லை; அல்லது புலப்பட்டும் பொருட்படுத்தப்படவில்லை.

பூங்கா கொண்ட பரப்பு 22 எக்டேர் அளவே. அதன்மீது மட்டும் பழி சுமத்துதல் முறையன்று. ஆனால் அதே நோக்கு பிற்காலத்தில் மலையெங்கும் பரவிற்று. தைலமரமும் சீகை மரமும் புல்வெளிகளை விழுங்கின; சதுப்புகள் பல வற்றின.

1896இல் தொடங்கிய மலர்க்காட்சி இன்று கோடைதோறும் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. பூங்காவின் மேல் எல்லையை ஒட்டித் தோதவரின் மந்து ஒன்று இன்றும் உள்ளது. மலர் காண வருவோரிற் சிலரே அம்மேட்டை ஏறிச் செல்கின்றனர்.