சத்திரக்காரனின் கணக்கு: மருத்துவச் செலவும் திருச்சபையின் மருத்துவ ஊழியமும்

நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். காயங்களைக் கட்டியதையும், குற்றுயிராய்க் கிடந்தவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சென்றதையும் விரிவாகப் பேசுவோம். லூக்கா 10-ஆம் அதிகாரம் 35-ஆம் வசனத்திற்கு வரும்போது பெரும்பாலும் நேரம் முடிந்துவிடும். அங்கேதான் கணக்கு வருகிறது. சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் முன்னதாகக் கொடுக்கிறான். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தீர்ப்பதாக வாக்களிக்கிறான். முன்பணத்திற்கு ஓர் அளவு உண்டு, பின்பணத்திற்கு இல்லை. சத்திரக்காரன் எழுதுவதே தொகை. அவன் நேர்மையானவனா என்று உவமை ஆராயவில்லை, ஏனெனில் அதன் நோக்கம் வேறு. ஆயினும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தானே சத்திரக்காரனாக இருந்துவந்திருக்கும் திருச்சபை அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. நோயாளியின் செலவை யார், எப்பொழுது, எவ்வளவு என்று வரையறுத்துக் கொடுப்பது என்பது வெறும் நிர்வாகக் கேள்வியன்று. மருத்துவமனை யாருக்காக இருக்கிறது என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், அஞ்செட்டிக்கு அப்பால், ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையில் நாட்றாம்பாளையம் இருக்கிறது. தமிழகத்திற்குள் வரும் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலு அதற்கு அண்மையிலுள்ளது. கேழ்வரகும் கொள்ளும் விளையும் வானம் பார்த்த பூமி. வேலை தேடுவோர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். அங்குள்ள ஒரு வீட்டில் மூன்று சகோதரர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவர் ஓசூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரப் பணியாளர், அவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இரண்டாமவர் நிலத்தை உழுபவர். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அவரிடம் இருக்கிறது. இளையவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். குடும்ப அட்டையோடு காப்பீட்டு அட்டையும் ஊரில் பெட்டிக்குள் கிடக்க, காய்ச்சலுக்கு ரொக்கம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார். நோய் ஒன்றே, நுழையும் வாசல்கள் மூன்று. இந்த மூன்று வாசல்களும் எவ்வாறு உண்டாயின?

நம் மருத்துவ ஊழியம் இலவசமாகத்தான் தொடங்கியது. 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கிய ஜான் ஸ்கடர் முதல், 1900-இல் வேலூரில் ஒரு சிறு அறையில் மருந்து கொடுக்கத் தொடங்கிய அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் வரை, செலவைத் தாங்கியது பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த காணிக்கையே. 1902-இல் திறக்கப்பட்ட நாற்பது படுக்கை கொண்ட ஷெல் மருத்துவமனை அத்தகைய நன்கொடையால் எழுந்தது. 1909 முதல் ஐடா அம்மையார் சாலையோர மரநிழல்களில் நடத்திய மருத்துவ முகாம்களும் அவ்வழியிலேயே நடைபெற்றன. கிருஷ்ணகிரிக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில் 1921-இல் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். இருவரும் மருத்துவர்கள், எளிய வாழ்வை விரதமாகக் கொண்டு ஏழைகளுக்கு வைத்தியம் செய்தனர். 1955-இல் ஒட்டன்சத்திரத்தில் ஏ. கே. தரியன் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் குறைந்த ஊதியத்தில் பணியாற்ற முன்வந்தவர்களின் கூட்டமைப்பே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்நிறுவனங்கள் செலவைக் கட்டுப்படுத்தியது தர்மத்தினால் மட்டுமன்று. மருத்துவர் மாத ஊதியம் பெற்றார். அறுவைக்கு இவ்வளவு, பரிசோதனைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பங்கு இல்லை. தேவையற்ற ஓர் அறுவையினால் அவருக்கு ஒரு காசும் வராது. இதை நாம் தியாகம் என்று புகழ்ந்தோமேயன்றி, செலவைக் குறைக்கும் ஓர் அமைப்பு முறையாக எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே அதைக் காத்துக்கொள்ளவும் தவறிவிட்டோம்.

விடுதலைக்குப் பின் வெளிநாட்டு உதவி சுருங்கிற்று. கருவிகளின் விலையோ ஏறிற்று. வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கி ஏழைகளுக்குச் சலுகை தருவது என்னும் ஏற்பாடு எங்கும் பரவியது. அது நல்ல ஏற்பாடே. ஆயினும் வசதியுள்ளவரை வரவழைக்கத் தனி அறை வேண்டும், புதிய இயந்திரம் வேண்டும். அவற்றின் கடனை அடைக்க மேலும் கட்டணம் வேண்டும். 1964-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய ஆலோசனைக் கூட்டம் குணமாக்குதல் சபை முழுவதின் ஊழியம் என்று நினைவூட்டியது. 1968-இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை ஏற்படுத்தியது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மக்கில்வ்ரே வேலூரில் நிர்வாகியாக இருந்தவர். சபைகளின் மருத்துவப் பணத்தில் மிகப் பெரும்பகுதி மருத்துவமனைக் கட்டடங்களுக்குள்ளேயே செலவாகிறது என்பதையும், அக்கட்டடங்களின் செலவு ஏழையை வெளியே தள்ளுகிறது என்பதையும் அவ்வாணையம் வெளிப்படையாகப் பேசிற்று. 1978-இல் அல்மா-ஆட்டாவில் வெளியான அறிக்கையின் பின்னணியில் இந்தச் சிந்தனையும் உண்டு. வேலூர் 1977-இல் கே. வி. குப்பத்தில் ரூசா என்னும் ஊரக நலப்பணியைத் தொடங்கியதும் இக்காலத்திலேயே.

பின்பணத்தை முன்பணமாக மாற்றும் முயற்சிக்கு வேறொரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளருக்கு நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கினார். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1929-இல் பாப்டிஸ்டு சபையாரின் பேலர் மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் அரை டாலர் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சை தருவதாக ஒப்புக்கொண்டது. ஒரு சபை மருத்துவமனையின் நெருக்கடியில் பிறந்த இத்திட்டமே அந்நாட்டின் காப்பீட்டு இயக்கத்திற்கு வித்தாயிற்று. ஆனால் பிற்காலத்தில் காப்பீடு மருத்துவமனை எழுதிய தொகையை அப்படியே கொடுக்கத் தலைப்பட்டபோது செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. 1983-இல் அமெரிக்க அரசு முதியோர் காப்பீட்டில் இன்ன நோய்க்கு இவ்வளவு என்று முன்னதாகவே தொகையை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. முன்பணம் கொடுப்போர் திரண்டால் மட்டும் போதாது, சத்திரக்காரனின் பேனாவுக்கும் எல்லை வேண்டும் என்பதை அந்நாடு அரை நூற்றாண்டு கழித்தே கற்றது.

நம் நாட்டில் அடார்கரின் 1944-ஆம் ஆண்டு அறிக்கையின் வழியாக 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் செயல்படத் தொடங்கிய திட்டம் 1955-இல் கோயம்புத்தூரை எட்டியது. 2019 முதல் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடுமாகக் கூலியில் செலுத்துகின்றனர். வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் நோய்க்கால ஊதியமும் அதில் அடங்கும். மூத்த சகோதரரின் வாசல் இதுவே; குறை என்னவெனில் அது தொழிற்சாலைச் சுவரோடு நின்றுவிடுகிறது.

சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்காகச் சிலர் தாமே முயன்றனர். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் சென்னையில் நிறுவிய தன்னார்வ மருத்துவ சேவை அமைப்பு, குடும்ப வருமானத்திற்கேற்பச் சந்தா வாங்கும் திட்டத்தை நடத்தியது. சேவாகிராமத்தின் கஸ்தூர்பா மருத்துவமனை 1980-களில் சுற்றுக் கிராமத்தாரிடம் அறுவடைக் காலத்தில் சோளமாகவே சந்தா பெற்றது. மிகுந்த கவனத்திற்குரியது நீலகிரியின் கூடலூர். அங்கே ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் மக்களுக்காக 1990-இல் அஸ்வினி என்னும் அமைப்பு மருத்துவமனையை ஏற்படுத்தியது. 1992-இல் சங்க உறுப்பினர்களுக்குக் காப்பீடு தொடங்கியது. சந்தாவைத் திரட்டுவது சங்கம். சிகிச்சை தருவது ஊதியம் பெறும் மருத்துவரும், அம்மக்களிடமிருந்தே பயிற்றுவிக்கப்பட்ட செவிலியரும். காப்பீடு பெற்றவர்கள் பெறாதவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்ந்தனர் என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது. இதைச் செலவு பெருகியதற்கு அடையாளமாகக் கொள்வோர் இருக்கலாம். அதற்கு முன் நோயோடு வீட்டிலேயே கிடந்தவர்கள் இவர்கள் என்பதை எண்ணினால், அது வேறு விதமான கணக்கு.

ஓசூரிலிருந்து எல்லையைக் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் சாலையில் பொம்மசந்திரா வருகிறது. அங்கே நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனையை நிறுவிய தேவி ஷெட்டியின் முயற்சியால், கருநாடகக் கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்காக 2003-இல் யசஸ்வினி திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கு மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தா. அரசும் துணை செய்தது. முதல் ஆண்டில் ஏறக்குறைய 16 லட்சம் பேர் சேர்ந்தனர். இடையில் காப்பீட்டு நிறுவனம் இல்லை. ஓர் அறக்கட்டளையே பணத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அறுவைக்கும் விலை பேசி மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. பலர் சேர்ந்து முன்கூட்டிக் கொடுத்ததனால்தான் விலை பேசும் வலிமை பிறந்தது. சந்தா சில ஆண்டுகளில் 120 ரூபாயாயிற்று. 2018-இல் இத்திட்டம் மாநிலப் பொதுத்திட்டத்தோடு இணைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் தனியே தொடங்கப்பட்டது. மாநில எல்லைக்கு இப்பால் உழும் நம் இரண்டாம் சகோதரருக்கு இதில் இடமிருக்கவில்லை.

அவருக்கான வாசல் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் திறந்தது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை விரிந்தது. சந்தாவை அரசே செலுத்துகிறது. இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை வரையறுக்கப்பட்டுள்ளது. இதய அறுவைக்கு நிலத்தை விற்ற காலத்தை அறிந்தவர்கள் இதைச் சிறிதாக மதிக்க மாட்டார்கள். ஆயினும் மலைக்கிராமத்துக் குடும்பத்தைக் கரைப்பது பெரிய அறுவை மட்டுமன்று. மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரையும், பேருந்துக் கட்டணமும், இழந்த நாள் கூலியும்தாம். காப்பீட்டு அட்டை இவற்றுக்குச் செல்லாது.

இவற்றைக் குறைத்தவை காப்பீடல்லாத வேறு ஏற்பாடுகள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவாகி, அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப் புள்ளி கோரி வாங்கியது. 2021 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டு, இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து வீட்டு வாசலுக்கே கொண்டுவரப்பட்டது. 1909-இல் ஐடா அம்மையார் செய்ததை அரசு தன் முறையில் செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் நம் சபைகளுக்கு இந்த முன்பணம் புதிதன்று. பெண்கள் உலை வைக்குமுன் எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசி, நாள்தோறும் சிறிதாய், தேவை வருமுன்னரே சேர்க்கப்படும் பொது நிதியன்றி வேறென்ன? அதனால் உபதேசியார்களைத் தாங்கினோம், ஆலயங்களைக் கட்டினோம். அறுப்பின் பண்டிகையில் கேழ்வரகு மூட்டை ஏலம் போகும்போது அதன் ஒரு பங்கை, சேவாகிராமத்தில் சோளம் சேர்த்தது போல, சபையாரின் பேருந்துக் கட்டணத்திற்கும் மாத்திரைக்கும் இழந்த கூலிக்கும் ஒதுக்கலாம். அவ்வாறு ஒதுக்கும் குருவானவர் இரண்டு பேரேடுகள் வைக்க நேரும். ஒன்றில் சேர்ந்த மூட்டைகள். மற்றொன்றில், இளைய சகோதரரைப் போல அட்டை இருந்தும் அதைப் பயன்படுத்த அறியாத சபையாரின் பெயர்கள்.