நகமும் சக்கரமும்: மாத்தளை அரக்குக் கலையும் சாய்கினின் கடிகாரமும்

1. ஆய்வுப் பொருள்

கைவினை மரபு மாறாதது என்றும், விளையாட்டு மனம் அதைக் கெடுக்கும் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். இக்கட்டுரை இரு சான்றுகளைக் கொண்டு அவ்வெண்ணத்தை மறுக்கிறது. ஒன்று, மாத்தளை மாவட்டத்து ஹபுவித ஊரின் நக அரக்கு வேலை. மற்றது, மொஸ்கோவில் தனித்து இயங்கும் கடிகாரக் கலைஞர் கொன்ஸ்தாந்தீன் சாய்கினின் 'ஜோக்கர்' கைக்கடிகாரம்.

2. ஹபுவித: நகமே கருவி

இலங்கை அரக்கு வேலையில் இரு முறைகள் உண்டு.

அ) கடைசல் முறை: சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகிப் படியும். வளையங்களும் பட்டைகளும் இதில் எளிதாக அமையும்.

ஆ) நக முறை: தணலில் இளக்கிய வண்ண அரக்கை மெல்லிய நூலாக இழுத்து, மரத்தில் பதித்து, கட்டைவிரல் நகத்தால் துண்டிப்பர். பின்னர் ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர்.

ஹபுவித இரண்டாவதற்குப் பெயர்பெற்றது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை ஆகிய சில நிறங்களே பழைய வழக்கு. அரக்கு இறுகுமுன் கோடு வளைந்தாக வேண்டும். ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இவ்வேலையைப் பதிவுசெய்தார்.

3. ஜோக்கர்: நேரம் காட்டும் முகம்

2017இல் பேசல் கண்காட்சியில் அறிமுகமான இக்கடிகாரத்தில் முட்கள் இல்லை; அதன் முகப்பே ஒரு சிரிக்கும் முகம். ஒரு கண்ணின் கருவிழி மணியையும் மற்றது நிமிடத்தையும் காட்டும்; சிரிக்கும் வாயினுள் நாக்காக நிலவின் பிறை நகரும். ஆகவே முகபாவம் நாள் முழுதும் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே ஓடுவது பழுதுபார்ப்போர் நன்கறிந்த சுவிஸ் 'ஈ.டி.ஏ. 2824' இயந்திரம். அதன்மேல் சாய்கின் தாமே வடிவமைத்த துணைப்பொறி அமர்ந்திருக்கிறது. முதல் வரிசையில் 99 கடிகாரங்கள் வெளிவந்தன.

4. ஒப்பீடு

4.1 ஒற்றுமை: இரண்டிலும் கட்டுப்பாடே கற்பனைக்கு இடம் தருகிறது. ஜோக்கரின் கண்களாகச் சுழலும் நிமிடத் தட்டு 60 நிமிடத்திலும் மணித் தட்டு 12 மணியிலும் ஒரு சுற்று முடித்தே தீர வேண்டும்; அது பிழைத்தால் சிரிப்பும் பொருளிழக்கும். அவ்வாறே, அரக்கின் சூட்டை விரல் அறியாவிடின் கொடியும் பூவும் மரத்தில் படரா.

4.2 வேற்றுமை: 1985இல் ஸ்வென்ட் ஆண்டர்சனும் வின்சென்ட் கலாப்ரீசும் தனிக் கடிகாரக் கலைஞர்களுக்கென ஒரு கழகம் நிறுவினர். சாய்கினும் அதில் உறுப்பினர். அக்கழகத்தினரின் ஆக்கம் ஆக்கியவர் பெயரால் அறியப்படுகிறது. நம் அரக்குப் பொருளோ பெரும்பாலும் ஊரின் பெயரால் மட்டுமே அறியப்படுகிறது.

5. முடிபு

புதுமை மரபுக்கு வெளியிலிருந்து வருவதன்று. கைத்தேர்ச்சி முற்றிய இடத்தில் அது தானே பிறக்கிறது. அதனை வளர்க்க இரண்டு வேண்டும். பழைய உருக்களையே திரும்பத் திரும்பக் கேட்கும் வழக்கத்தை வாங்குவோர் தளர்த்த வேண்டும். செய்தவரின் பெயர் பொருளில் பொறிக்கப்பட வேண்டும். பெயரும் உரிமையும் கிடைக்கும் கைவினைஞரே துணிந்து புதிதாய் முயல்வார். அத்தகைய பிழைப்பில்தான் அடுத்த தலைமுறையும் விரும்பிக் கால்வைக்கும்.