யூனிக்ஸிலிருந்து கிளம்பி, வைன் வழியாகத் திரும்பி

பொறியியல் மென்பொருள் என்றாலே விண்டோஸ் என்பது இன்று பல கல்லூரிகளின் வழக்கம். ஆனால் அவற்றில் பலவற்றின் பிறந்த வீடு வேறு. மின்சுற்றின் போக்கைக் கணித்துச் சொல்லும் ஸ்பைஸ், 1973இல் பெர்க்லியில் ஃபோர்ட்ரான் மொழியில் உருவானது. விண்டோஸ் அப்போது பேச்சிலேயே இல்லை. 1988இல் வந்த வடிவமைப்பு மென்பொருளான புரோ/எஞ்சினியர் யூனிக்ஸ் பணிநிலையங்களில் ஓடியது. வரைபட மென்பொருளான ஆட்டோகேடுக்கும் யூனிக்ஸ் பதிப்பு இருந்தது.

மேசைக்கணினி மலிவானதும் காற்று திசை மாறியது. 1995இல் சாலிட்வொர்க்ஸ் என்னும் வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டு வந்தது. 1997இன் ஆட்டோகேட் 14ஆம் பதிப்பு விண்டோஸுக்கு மட்டும்தான்.

இதற்குள் எதிர்த்திசையில் ஒரு வேலை தொடங்கியிருந்தது. 1993இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும், விண்டோஸ் நிரல்களை யூனிக்ஸ் பாணி லினக்ஸில் ஓட்டுவதற்கான வைன் திட்டத்தை ஆரம்பித்தார்கள்; அடுத்த ஆண்டே பொறுப்பு அலெக்ஸாண்டர் ஜூலியார்டின் கைக்கு வந்தது. விண்டோஸ் நிரலின் கட்டளைகளை வைன் மொழிபெயர்ப்பதில்லை, அவை நேரே செயலியில் ஓடுகின்றன. கோப்பைத் திற, கோடு வரை என்று நிரல் விண்டோஸிடம் கேட்கும்போதுதான் வைன் குறுக்கே வந்து, லினக்ஸிடம் அதை வாங்கிக் கொடுக்கும். ஆகவே கணக்கு வேகமாகவே நடக்கும். விண்டோஸின் ஆவணமில்லாத பழக்கங்களைக் கண்டுபிடிப்பதுதான் தலைவலி. 1.0 பதிப்பு வர 2008 ஜூன் ஆகிவிட்டது, பதினைந்து ஆண்டுகள்!

விலையுயர்ந்த மென்பொருள்கள் சிலவற்றுக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு: டாங்கிள் என்னும், கணினியில் செருகும் உரிமச்சாவி. அதை இயக்கும் டிரைவர் நிரல், விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள் அமர வேண்டியது. வைனிடம் அந்தக் கெர்னல் இல்லை. வரைபடம் திறக்கத் தயாராக இருந்தாலும் பூட்டு விடாது.

பூட்டே இல்லாத எல்டிஸ்பைஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் மைக் எங்கெல்ஹார்ட் எழுதிய இந்த ஸ்பைஸ் வாரிசு இலவசம். நிறுவனத்துக்கு வருமானம் சில்லுகளில் வந்தது. அவற்றை வாங்கப்போகும் பொறியாளர் எந்தக் கணினியில் சோதித்தால் என்ன? வியாபாரக் கணக்குதான், ஆனால் லினக்ஸ்காரர்களுக்கு லாபம். வைனில் ஓடுவதற்கான சிறு மாற்றுவழிகளை எங்கெல்ஹார்ட் நிரலுக்குள்ளேயே வைத்தார். அவற்றைக் கட்டாயமாக்க ஒரு கட்டளைச் சொல், தடுக்க இன்னொன்று என்று உதவிப் பக்கத்திலும் குறித்தார். 2013இல் மேக்குக்குத் தனிப் பதிப்பு வந்தது. லினக்ஸுக்கு அப்போதும் வைன்தான்.