பதினோர் ஆண்டு இடைவெளி: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மீண்டும் ஆசிரியரான வரலாறு

மனநோயிலிருந்து மீண்டு வேலை தேடுபவரை அவருடைய தகுதியைப் பற்றிய கேள்விகளை விட அதிகம் கலங்கடிப்பது, “இத்தனை ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்ற கேள்வியே. அதற்கு அஞ்சி வீட்டோடு முடங்கியோர் நம் ஜமாஅத்துகளில் உண்டு. வயிற்றுக் கோளாறு என்றோ, வெளியூரில் இருந்தான் என்றோ குடும்பத்தார் ஒரு காரணத்தைச் சொல்லிச் சமாளிப்பதும் உண்டு.

இக்கேள்வி ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடமும் கேட்கப்பட்டது. அவர்களுடைய ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் நூலைத் தத்துவவாதிகளுக்கான மறுப்பு என்றே பெரும்பாலும் அறிமுகப்படுத்துகிறோம். ஆனால் அதன் முகவுரையைக் கவனித்துப் படித்தால் வேறொன்றும் தெரியவரும். பக்தாதில் மாணவர்கள் திரண்டிருந்தும் ஏன் பாடம் நடத்துவதை விட்டீர்கள், நெடுங்காலத்திற்குப் பின் நைஸாபூரில் ஏன் மீண்டும் தொடங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்நூல் அவருக்கான விடையும் ஆகும்.

ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) வஸீர் நிளாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நிளாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக நியமித்தபோது இமாமுக்கு வயது 34. அக்கால முஸ்லிம் உலகில் ஓர் ஆலிம் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். நான்கே ஆண்டுகளில், ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (1095), அவர்களுடைய உள்ளம் இரண்டுபட்டது. பதவியையும் புகழையும் விடுவதா, தொடர்வதா என்று ஏறத்தாழ ஆறு மாதங்கள் தவித்தார்கள். முடிவில் நாவு கட்டுண்டது. மாணவர்களின் மனம் நோகக்கூடாதென்று ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல்லும் எழவில்லை. துயரம் உள்ளத்தை நிரப்பியது. ஒரு கவள உணவும் செரிக்கவில்லை. ஒரு மிடறு நீரும் எளிதில் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் பிறந்து உடலுக்குப் பரவியது என்றும், மனக்கவலை தணிந்தாலன்றிச் சிகிச்சைக்கு வழியில்லை என்றும் மருத்துவர்கள் கூறினர்.

இந்நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றைச் சூட்டுவது நம் வேலையன்று. ஆனால் இதை ஆன்மிகத் தேட்டம் என்று மட்டும் சொல்லி, நோயை மறைத்துவிடுவோரையும் நாம் ஏற்பதற்கில்லை. இமாம் அதை மறைக்கவில்லை. தம் கையாலேயே எழுதிவைத்தார்கள். துஆவினால் அவர்களுக்கு வழி திறந்ததைக் காட்டி மருத்துவமே வேண்டாம் என்போர், மருத்துவர்கள் வந்து பார்த்ததும் அதே பக்கங்களில் இருப்பதைக் காண வேண்டும்.

தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்து அவர்கள் புறப்பட்டார்கள். ஊர் பேசாதிருக்குமா? இராக்கிற்கு வெளியே இருந்தவர்கள், ஆட்சியாளர்களுக்கு அஞ்சி ஓடினார் என்றனர். ஆட்சியாளர்கள் அவர்களை விடாது வற்புறுத்தியதை அருகிலிருந்து கண்டவர்களோ, கண்ணேறு பட்டுவிட்டது என்றனர். தம்மைப் பற்றிய இவ்வதந்திகளையும் இமாமே பதிவு செய்திருக்கிறார்கள்.

பின்னர் திமிஷ்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார்கள். பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருந்தார்கள். அதன்பின் பைத்துல் முகத்தஸ், ஹலீல், ஹஜ் எனப் பயணம் தொடர்ந்தது. இறுதியில் பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு இழுத்தது. குடும்பத் தேவைகளும் பிழைப்பின் நெருக்கடிகளும் தம் தனிமையைக் குலைத்தன என்று அவர்கள் எழுதியிருப்பது நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான செய்தி. இந்த இடைவெளியில்தான் ‘இஹ்யா உலூமித்தீன்’ உருவானது. ஆனால் இடைவெளியில் இருக்கும் எல்லோரும் ஓர் இஹ்யாவோடு திரும்ப வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கலாகாது. எழுந்து உடுத்தித் தொழுவதே பெரும்பாடாக இருக்கும் நாட்கள் உண்டு.

ஹிஜ்ரி 499 துல்கஅதாவில் (1106), வஸீர் பக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் அவர்கள் நைஸாபூர் நிளாமிய்யாவில் மீண்டும் பாடம் தொடங்கினார்கள். பக்தாதை விட்டதும் ஒரு துல்கஅதாவில்தான். கணக்காகப் பதினோர் ஆண்டுகள். அப்போது வயது 49. தாமாக முடிவெடுக்காமல் நல்லோர் பலரிடம் ஆலோசனை கேட்டே ஒப்புக்கொண்டார்கள். தாம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றும் விளக்கினார்கள்: முன்பு கற்பித்தது பதவியைத் தேடித்தரும் கல்வி, இப்போது கற்பிப்பது பதவியை விடச் சொல்லும் கல்வி.

நைஸாபூர் அறிஞர் அப்துல் ஙாஃபிர் அல்ஃபாரிஸீ அவர்களை முன்பும் பின்பும் கண்டவர். பழைய பெருமிதம் மறைந்திருந்ததைக் கண்டு, முதலில் இது வேடமோ என்று ஐயுற்றார். விசாரித்தறிந்த பிறகே நம்பினார். திரும்பி வருபவரை ஊர் நோக்கும் கண் அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

சில ஆண்டுகளில் இமாம் தூஸ் நகருக்கே திரும்பினார்கள். ஹிஜ்ரி 504இல் பக்தாத் நிளாமிய்யாவின் பழைய இருக்கை மீண்டும் தேடிவந்தது. அவர்கள் மறுத்து எழுதிய கடிதத்தில் கூறிய காரணங்கள் தெளிவானவை: தூஸில் சுமார் 150 மாணவர்கள் உள்ளனர், அவர்களால் பக்தாத் வர இயலாது, முன்புபோலன்றி இப்போது குடும்பப் பொறுப்பு உண்டு, ஹலீலில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் தாம் செய்த உறுதிமொழி இருக்கிறது. அரசரிடம் பணம் பெறுவதில்லை, அரசவை செல்வதில்லை, விவாதம் புரிவதில்லை என்பதே அவ்வுறுதிமொழி. பக்தாதிலோ விவாதத்தைத் தவிர்க்க முடியாது. எந்தச் சூழலில் முன்பு நாவு கட்டுண்டதோ, அங்கே மீண்டும் போய் அமர அவர்கள் இசையவில்லை.

தூஸில் தம் வீட்டருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்திருந்தார்கள். நாளைப் பகுத்து வைத்து, குர்ஆன் ஓதவும், நல்லோருடன் அமரவும், பாடம் நடத்தவும் தனித்தனி நேரம் ஒதுக்கினார்கள். ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14இல் வஃபாத்தாகும் வரை அவர்களுடைய பணி அந்தச் சிறிய மத்ரஸாவில்தான் இருந்தது.