லூ ஹெருவோ நாட்குறிப்பு

தைவான் சிறுகதை ஆசிரியர் லூ ஹெருவோ (1914–சுமார் 1951), 1942 முதல் 1944 வரை ஜப்பானிய மொழியில் எழுதிய நாட்குறிப்பு. தைவானில் ஜப்பானிய ஆட்சி (1895–1945) முடிவை நெருங்கிய போர்க்காலத்தில் எழுதப்பட்டது. அவருடைய மற்றக் கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், இதன் மதிப்பு பல மடங்கு கூடியது.

லூவின் இயற்பெயர் லூ ஷிதுய். தைச்சுங் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். 1935இல் டோக்கியோ இதழ் ஒன்றில் வந்த 'மாட்டுவண்டி' என்ற கதையால் பெயர் பெற்றார். பின்னர் வாய்ப்பாட்டுக் கற்க டோக்கியோ சென்று, அங்கே மேடைகளிலும் பாடினார். நாட்குறிப்பு தொடங்குவது அந்த டோக்கியோ வாழ்க்கையின் கடைசி மாதங்களில். 1942இல் அவர் ஊர் திரும்பியபின் தைவானில் தொடர்கிறது.

எழுதிய கதை, படித்த நூல், சந்தித்த நண்பர், வீட்டுக் கவலை, பிள்ளைகள் என எல்லாம் இதில் கலந்து கிடக்கின்றன. நண்பர் சாங் வென்ஹுவானைப் பற்றியும் அவர் நடத்திய 'தைவான் இலக்கியம்' இதழைப் பற்றியும் அடிக்கடி பேசப்படுகிறது. சீனப் பெருநாவலான 'செம்மாளிகைக் கனவை' ஜப்பானியத்தில் பெயர்க்கும் ஆசையும் பதிவாகியிருக்கிறது. 1943இல் தைவானில் வாழ்ந்த ஜப்பானிய எழுத்தாளர் நிஷிகாவா மிட்சுரு, தைவானியரின் எழுத்தை 'மல யதார்த்தவாதம்' என்று இழித்தெழுதினார். அப்போது பொதுவெளியில் வந்த வாதப் பிரதிவாதங்களைவிட, லூ இங்கே கொட்டும் கோபமே அந்தச் சண்டையின் சூட்டை நன்றாகக் காட்டுகிறது. ஆனால் இதை ரகசியப் புரட்சிக்காரனின் வாக்குமூலமாகப் படிப்பது தவறு. 1944இல் வெளியான 'தெளிந்த கூதிர்காலம்' தொகுப்பை உருவாக்கிக்கொண்டிருந்த, குடும்பம் தாங்கிய ஒருவரின் அன்றாடம் இது.

அரசியல் பின்னால் வந்தது. போருக்குப் பின் லூ சீன மொழியில் நான்கு கதைகள் எழுதினார். கடைசிக் கதை 1947 பிப்ரவரியில் வந்தது. அதே மாத இறுதியில் அரசுக்கு எதிராக வெடித்த பிப்ரவரி 28 கிளர்ச்சியும் அதை ஒட்டிய படுகொலைகளும் அவரைத் தலைமறைவுக் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு இட்டுச் சென்றன. தைப்பே அருகே லூக்கு மலையில் பதுங்கியிருந்தபோது பாம்பு கடித்து இறந்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

ஒரு துண்டுத்தாளும் உயிருக்கு உலை வைக்கக்கூடிய, 'வெள்ளை பயங்கரம்' எனப்பட்ட அரசு அடக்குமுறைக் காலம் அது. அஞ்சிய குடும்பத்தார் அவருடைய கையெழுத்துப் பிரதிகளையும் நூல்களையும் லிச்சித் தோட்டத்தில் புதைத்துவிட்டனர். நாட்குறிப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். காரணம் இலக்கியமல்ல: பிள்ளைகளின் பிறந்தநாள்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன.

1949இல் விதிக்கப்பட்ட இராணுவச் சட்டம் 1987இல்தான் நீங்கியது. அதன்பின் லூவின் பெயர் மெல்ல மீண்டது. 1995இல் கதைகள் அனைத்தும் சீனத்தில் தொகுப்பாக வந்தன. நாட்குறிப்பைத் தைனானில் உள்ள தேசியத் தைவான் இலக்கிய அருங்காட்சியகம் மூலத்தின் நகலாகவும் சீன மொழிபெயர்ப்பாகவும் வெளியிட்டது. அச்சில் உள்ளவை அந்த மூன்று ஆண்டுகளின் பதிவுகளே. லூவின் தலைமறைவு வாழ்க்கையை ஆய்வாளர்கள் குடும்பத்தார், தோழர்கள் ஆகியோரின் நினைவுகளைக் கொண்டே எழுதிவருகின்றனர்.