செரித் தோட்டத்துத் தலைமுறைகள்

ருஷ்ய நாட்டிலே பண்ணையடிமை முறை 1861ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிரபுக்களுக்குச் சொந்தமாயிருந்த இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடியானவர்கள் விடுதலை பெற்றனர். ஆனால், தமக்கு ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு 49 ஆண்டுகள் தவணைப்பணம் செலுத்தும் சுமையும் அவர்கள் தலையில் ஏற்றப்பட்டது. பிரபுக்களோ நட்டஈடாகப் பெற்றதிற் பெரும்பகுதியைப் பழங்கடனுக்கே இழந்தனர். இவ்விரு சாராரின் வழித்தோன்றல்களையும் ஒரே வளவினுள் நிறுத்திக் காட்டும் நாடகமே அன்ரன் செக்கோவ் எழுதிய ‘செரித் தோட்டம்’. 1904ஆம் ஆண்டில் மொஸ்கோ கலை அரங்கில் அது மேடையேறியது.

முதியோர் பழைமையைப் பற்றுவர், இளையோர் புதுமையை நாடுவர் என்று கோடு கிழிப்போர்க்கு இந்நாடகம் இடங்கொடாது.

பிரபு குலத்தவர் றனேவ்ஸ்கயா சீமாட்டியும் சகோதரன் காயெவும். தோட்டம் ஏலத்துக்கு வரப்போகின்றது. சீமாட்டி பணத்தை வாரி இறைக்கின்றாள், காயெவ் பில்லியட் ஆட்டத்திலே மனத்தைப் பறிகொடுத்திருக்கின்றான். ஈற்றில் அதனை வாங்குபவன் லொப்பாகின் என்னும் வணிகன். அவனுடைய தந்தையும் பாட்டனும் அதே வளவிற் குசினிக்குள்ளும் நுழையவிடப்படாத அடிமைகள். இவனைக் கொடியவனாக்குவது எளிது. செக்கோவ் அவ்வாறு செய்தாரல்லர். கடனிலிருந்து தப்ப வழிகூறி முதலங்கத்திலேயே மன்றாடுபவன் இவன்தான். செக்கோவின் பாட்டனாரும் 1841ஆம் ஆண்டிற் பணங்கொடுத்துத் தம் குடும்பத்தை மீட்ட அடிமையேயாவர். லொப்பாகின் வேடத்தை ஸ்தனிஸ்லவ்ஸ்கி ஏற்கவேண்டுமென அவர் விரும்பினார். வணிகர் குடும்பத்திற் பிறந்த அக்கலைஞரோ பிரபு காயெவின் வேடத்தையே ஏற்றார்!

எனினும் எம் உள்ளத்தை உறுத்துவோர் வேலைக்காரர் இருவரே. பீர்ஸ் 87 வயதுக் கிழவன். விடுதலையை ஏற்காது எசமானரிடமே தங்கிவிட்டவன். அவ்விடுதலையைப் பெருங்கேடென்றே சொல்லுபவன். யாஷா இளைஞன். சீமாட்டியோடு பாரிசிலிருந்து திரும்பியவன். கிராமத்திலிருந்து வந்த தாய் வேலைக்காரர் அறையிற் காத்துக்கிடக்கின்றாள். அவளைப் பார்ப்பதும் இவனுக்குத் தொல்லை. தாய்நாடே இவனுக்கு நாகரிகமற்ற நாடாகிவிட்டது. (இத்தகைய இளைஞர் ருஷ்யாவில் மட்டுமா பிறந்தனர்?) சட்டம் இவனுடைய கட்டை அவிழ்த்தது, நெஞ்சையோ அது தொடவில்லை.

இனி, மாணவன் திரொபீமொவ். உயிருள்ள மனிதரை உடைமையாக வைத்திருந்த பாவத்துக்கு உழைப்பாற் கழுவாய் தேடவேண்டுமென்று சீமாட்டியின் மகள் ஆன்யாவுக்கு எடுத்துரைக்கின்றான். மாணவராகிய எமக்கு அப்பேச்சு இனிக்கின்றது. அதில் உண்மையும் உண்டு. லொப்பாகின் நீட்டும் பணத்தையும் அவன் வாங்க மறுக்கின்றான். ஆனால், கடைசி அங்கத்தில் அவன் தேடுவது தன் றப்பர்ச் சப்பாத்தை. நோயுற்ற பீர்சை வைத்தியசாலைக்கு அனுப்பியாயிற்றா என்று ஆன்யா கேட்கின்றாள். காலையிலேயே சொல்லிவிட்டதாக யாஷா மறுமொழி கூறுகின்றான். அடுத்த அறையை எவரும் எட்டிப் பார்க்கவில்லை. சப்பாத்து அகப்படுகின்றது, வண்டிகள் புறப்படுகின்றன, வீடு பூட்டப்படுகின்றது.

பூட்டிய வீட்டினுள்ளே பீர்ஸ் தள்ளாடி வருகின்றான். காயெவ் மயிர்க்கோட்டை அணியாமற் போய்விட்டானோ என்பதே அவன் கவலை. வெளியே மரத்திற் கோடரி விழும் ஓசை கேட்கின்றது.